சம்மனசு வரும் பஸ்

கிரான்பர்னில் டிலக்சியின் தெருமுனைக்கு வரும் பஸ் வட்டமாக ஓடும். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வட்டத்துக்கு ஒரே ஒரு பஸ்தான். அது முழுச் சுற்றும் சுற்றி வர ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே பஸ்ஸைத் தவறவிட்டால் பின்னால் வேறொன்று வராது. தவறவிட்ட அதே பஸ்தான் ஊரெல்லாம் சுற்றிவிட்டு மறுபடி வரும்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிலக்சியின் வீட்டிலிருந்து மாதா கோயில் மண்டபத்துக்குக் கால் சுற்றுத்தான். ஆனால் பஸ் ஒரே திசையில் சுற்றுவதால், திரும்பி வர முக்கால் சுற்று. போகும்போது கிட்ட இருக்கும் கோயில், வரும்போது தூரத்துக்குப் போய்விடும். நடந்து போகலாமே என்றால், நடுவே நடைபாதை இல்லாத பெருஞ்சாலை ஒன்று கிடந்தது. வீட்டில் காரும் இல்லை.

அந்த மண்டபத்தில்தான் தமிழ்ப் பிள்ளைகள் நடிக்கும், இயேசு பிறப்பைச் சொல்லும் நத்தார் நாடகத்துக்கு ஒத்திகை நடந்தது. டிலக்சிக்குச் சம்மனசு வேடம். சம்மனசு என்றால், இடையர்களுக்கு நல்ல செய்தி கொண்டுவரும் தேவதூதர். செய்தி நீளமானது. டிலக்சி அதைப் பல் துலக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தாள். மண்டபத்தில் மட்டும் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

ஒத்திகை மூன்று மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். டிலக்சியையும் அம்மாவையும் பஸ் அதற்குச் சற்று முன்பே இறக்கிவிடும். மண்டபம் பூட்டியிருக்கும். கார் வைத்திருப்பவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர நாலு மணியாகும். நாடகம் பழக்கும் மாக்கிறேட் அன்ரியிடம்தான் திறப்பு இருந்தது. அவரும் நாலு மணிக்குத்தான் வருவார். சம்மனசு வருவது கடைசிக் காட்சியில். அதற்குள் ஐந்து மணியாகி, அன்றைய கடைசி பஸ் வந்துவிடும்.

ஒருமுறை, கூட நடிக்கும் எறிக்கின் அப்பா இருவரையும் தன் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார். "சரி, போட்டு வாறம்" என்று எல்லோரிடமும் விடைபெற்றார். விடைபெற்ற பிறகு, கார் நிறுத்துமிடத்தில் நின்று இன்னும் ஒரு மணி நேரம் கதைத்தார். முதியோர் இல்லத்தில் இரவு வேலைக்குப் போகவேண்டிய அம்மா பிந்திப்போய்ப் பேச்சு வாங்கினார். அன்றிலிருந்து அம்மா பஸ்ஸைத்தான் நம்பினார்.

இன்னொரு ஞாயிறும் தன் காட்சி வருமுன் டிலக்சி பையை எடுத்தாள். இடையன் வேடம் போட்ட எறிக் அவளைச் சும்மா விடவில்லை.

"சம்மனசுக்கு எதுக்கு பஸ்? பறந்து போகலாமே."

பிள்ளைகள் சிரித்தார்கள். மாக்கிறேட் அன்ரி சிரிக்கவில்லை. டிலக்சியைத் தனியே கூப்பிட்டார்.

"குறை நினைக்காதை பிள்ளை. நீ ஒவ்வொரு கிழமையும் பாதியில போறாய். அடுத்த கிழமையும் இப்பிடியெண்டால், சம்மனசை டில்ஷாவுக்குத்தான் குடுக்கவேணும்."

திரும்பும் வழியில் டிலக்சி பஸ்மேல் கோபப்பட்டுப் பார்த்தாள். ஏன் இவ்வளவு பெரிய வட்டம், ஏன் ஒரே ஒரு பஸ் என்று யோசித்தாள். ஆனால் பாவம், பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது, சொன்ன நேரத்துக்குப் போனது. சொன்ன நேரத்துக்கு வராதவர்கள் வேறு யாரோ.

டிலக்சி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அம்மாவின் போனை வாங்கி அன்ரிக்கு அழைத்தாள். மரியாதையாகக் கதைக்கும்படி அம்மா கையால் சாடை காட்டினார்.

"அன்ரி, மூண்டு மணி எண்டு சொன்னால் எங்கட ஆக்களுக்கு அது நாலு மணி. பஸ்சுக்கு மூண்டு மணி எண்டால் மூண்டு மணிதான். நீங்கள் மணியே சொல்லாதேங்கோ. பஸ் வந்தவுடன தொடங்கும் எண்டு சொல்லுங்கோ."

அந்தப் பக்கம் அன்ரி சிரிப்பது கேட்டது.

"ஓம், நானும் நாலு மணிக்காரிதானே."

அன்று மாலையே எல்லாப் பெற்றோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி போனது. இனி ஒத்திகை, மண்டபத்துக்கு எதிரே பஸ் வந்து நிற்கும்போது தொடங்கும். முதலில் சம்மனசு வரும் காட்சி. பஸ்சுக்குப் பிறகு வரும் இடையர்கள் ஆடுகளாக நடிப்பார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆடாகிவிடும் பயத்தில் எறிக் முதல் ஆளாக ஓடிவந்தான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பஸ் மட்டும் வரவில்லை. எங்கோ வீதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

எல்லோரும் பஸ் தரிப்பிடத்தில் கூடி நின்றார்கள். வெயில் சுட்டது. பஸ் இப்போது எங்கே நிற்கிறது என்று எறிக் கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. தூரத்தில் பெரிதாக ஏதோ தெரிந்தது. கிட்ட வந்தபோது அது குப்பை லொறி. எறிக்கின் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். நின்று கதைக்கும்போது ஓடிவிடும் நேரம், பஸ்சுக்குக் காத்து நிற்கும்போது நகரவே மாட்டேன் என்றது.

கடைசியில் முனை திரும்பி பஸ் வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். தனக்குத்தான் தட்டுகிறார்கள் என்று நினைத்த ஓட்டுநர் தலைகுனிந்து வணங்கினார். அவரைத் தாண்டி டிலக்சி அம்மாவோடு திகைத்துப்போய் இறங்கினாள்.

"ஒவ்வொரு கிழமையும் நீ இப்பிடித்தான் நிக்கிறனீயா?" என்று எறிக் மெல்லக் கேட்டான்.

"ஓம். மழையிலயும்."

எறிக் அவளுடைய சிறகுகள் இருந்த பையை வாங்கிக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரு கவலை வந்தது. பஸ் பிந்தியதால் இன்று ஒத்திகைக்கு நேரம் குறைந்துவிடுமே என்றான்.

"குறையாது" என்றாள் டிலக்சி. விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். "அதே பஸ்தானே சுத்தி வரவேணும். பிந்தி வந்த பஸ் பிந்தித்தான் திரும்பி வரும்."

மண்டபத்தில் சிறகுகளைக் கட்டிக்கொண்டு ஒரு கதிரையில் ஏறி நின்றாள். கீழே இடையர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் அந்த நீளமான செய்தியை ஒரு சொல்லும் விடாமல், மூச்சு வாங்காமல் சொல்லி முடித்தாள்.

மாக்கிறேட் அன்ரி யன்னலால் வீதியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இன்னொருக்கால் சொல்லு பிள்ளை, ஆறுதலாச் சொல்லு. பஸ் வர எவ்வளவோ நேரம் கிடக்கு."