அலைக்கட்டில்

நிலவில் குடியேறிய பதினோராயிரம் பேரும் மாதம் ஒருமுறை அலைக்கட்டிலில் படுத்தாக வேண்டும். எடை குறைந்த உலகில் எலும்பிலிருந்து கரையும் சுண்ணாம்பு, சிறுநீரகத்தில் கல்லாகச் சேரும். கட்டில் அதிர்வலை அனுப்பி அதைத் தூளாக்கும். தூள் சிறுநீரோடு போய்விடும். எட்டு நிமிட வேலை.

சவரிமுத்துவுக்கு மட்டும் போகவில்லை. சுரங்கத்தில் பாறை துளைப்பவன். பிறவியிலேயே அவனுடைய இரு சிறுநீரகங்களும் அடியில் ஒட்டி, குதிரை லாடம்போல் ஒன்றாக இருந்தன. பூமியில் அது தொல்லை தரவில்லை. இங்கே கல் உடைந்தது. ஆனால் கோணலான குழாய் வழியே தூள் இறங்க எடை போதவில்லை. மூன்று முறை உடைத்தார்கள். ரத்தம்தான் வந்தது.

அவனைப் பூமிக்கு அனுப்பும்படி தலைமை மருத்துவர் எழினி எழுதினாள். ஒருவனுக்காக அறுவைக்கூடம் கட்ட இயலாது என்று நிர்வாகக் குழுவிடம் விளக்கினாள். வடிவம் மாறிய சிறுநீரகத்தைக் கண்டால் கட்டிலே பயண ஆணை பிறப்பிக்கும் என்று விதி வந்தது. மேல்முறையீடு கிடையாது என்ற வரியைச் சேர்த்தவளும் அவள்தான்.

சவரிமுத்து அவளைத் தேடி வந்தான். நிலவுக்கு வந்து பதினான்கு ஆண்டாகிவிட்டது, எலும்பெல்லாம் சல்லடை, பூமியில் தன் எடையைத் தன்னாலேயே தாங்க முடியாது என்றான்.

"வலியோடயே கெடக்கேன் டாக்டரம்மா. கீழ மட்டும் அனுப்பிராதிய."

"ஆணை வந்தாச்சு. நான் ஒண்ணும் செய்யறதுக்கில்ல," என்றாள் எழினி.

தூத்துக்குடிக்குப் போய்ச் சேர்ந்த அன்றே, படுக்கையில் புரண்டபோது அவன் இடுப்பு முறிந்தது. ஒன்பதாம் நாள் இறந்தான். செய்தியைப் படித்துவிட்டு எழினி அடுத்த நோயாளியைக் கூப்பிட்டாள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, நிலவிலேயே பிறந்த குழந்தைகளுக்குக் கட்டில் ஏறும் வயது வந்தது. இருபத்து மூன்று பேர். கருவில் இடுப்புக்குள் உருவாகும் சிறுநீரகங்கள் மெல்ல மேலேறி விலாவுக்கடியில் அமர வேண்டும். நிலவின் கருக்களில் அவை பாதி வழியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருந்தன. குழந்தைகள் நலமாக இருந்ததால் அதுவரை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

முதலில் படுத்தவள் எழினியின் மகள் நறுமுகை. கட்டில் அலை அனுப்பவில்லை. பயண ஆணையை வாசித்தது. எழினி விசையை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். மேல்முறையீடு இல்லை என்றது கட்டில்.

நறுமுகை துள்ளி இறங்கினாள்.

"பூமிக்கா? அங்க நெறைய ஓடலாமாம்மா?"

எழினி வாய் திறப்பதற்குள் அடுத்த குழந்தை ஏறிப் படுத்துவிட்டது.