தட்டைப் பாறையில் ஒரு ஜோடிக் காலணி

இலைகள் சிவந்து, மலை இடுக்கு முழுவதும் சுற்றுலாக் கூட்டமாக இருந்த ஒரு பிற்பகலில், நிஷிசோனோ என்ற ஒசாகாக்காரர் ஆற்றங்கரைக் காவல் நிலையத்துக்கு வந்தார். காலையில் விடுதியிலிருந்து நடக்கப் போன மனைவி சவாகோ திரும்பவில்லை. தொங்குபாலத்துக்குக் கீழே தட்டைப் பாறையில் அவளுடைய காலணிகள் மட்டும் இருக்கின்றன என்றார். விடுதிக்காரி மிட்சுயோவும் கூடவே வந்திருந்தாள். காலைச் சாப்பாட்டு நேரத்தில் சவாகோ அந்தப் பாறையில் உட்கார்ந்திருந்ததைச் சன்னல் வழியாகப் பார்த்ததாகச் சொன்னாள்.

படகோட்டிகள் உடனே தேட இறங்கினார்கள். விடியலில் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் மதியம்தான் வடிந்திருந்தது. சுழல்கள் இன்னும் அடங்கவில்லை.

ஆய்வாளர் அயுகவா பாறையருகே நின்றாள். காலணிகள் அருகருகே, நுனி இரண்டும் பாதையைப் பார்த்தபடி, கோணல் இல்லாமல் இருந்தன.

“தற்கொலைதான் மேடம். எவ்வளவு நிதானமா கழட்டி வெச்சிருக்காங்க பாருங்க” என்றான் காவலர் தோகாஷி. வந்ததிலிருந்து இது அவனுடைய மூன்றாவது முடிவு.

அப்போது ஒரு படகு பாறையில் மோதிச் சாய்ந்தது. தண்ணீரில் விழுந்தவனைச் சட்டையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். அயுகவா விடுதியை நோக்கி வேகமாக நடந்தாள்; தோகாஷி பின்னால் ஓடினான்.

மிட்சுயோ சமையலறையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, காலையில அந்தப் பாறை தண்ணிக்குள்ள இருந்துச்சு. அதுல யாரு உக்கார முடியும்?” என்று கேட்டாள் அயுகவா.

கத்தி நின்றது.

“ஷூவையும் பார்த்தேன். குதிக்கப் போறவங்க ஆத்தைப் பார்த்து நின்னு கழட்டுவாங்க. இது பாதைப் பக்கமா திருப்பி வெச்சிருக்கு. விருந்தாளிங்க கிளம்பும்போது மாட்டிக்க வசதியா, தினம் வாசல்ல திருப்பி வெச்சுப் பழகின கை.”

“அப்போ கொன்னது...” என்று ஆரம்பித்த தோகாஷியை அயுகவா கையமர்த்தினாள்.

“உயிரோடதான் இருக்கா” என்றாள் மிட்சுயோ. “குளிக்கிற எடத்துல அவ முதுகைப் பார்த்தேன். பழைய காயத்து மேல புதுக் காயம். என் செருப்பை மாட்டிவிட்டு, என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். அவ செத்துட்டான்னு நெனச்சா புருஷன் தேட மாட்டான்ல?”

“அவன் தேடல அக்கா. நம்ம ஊரு ஆளுங்க தேடுறாங்க. இப்ப ஒருத்தன் ஆத்துல விழுந்து பொழச்சான்.”

மிட்சுயோவுக்கு அது தோன்றவே இல்லை. அவளிடம் தங்கை வீட்டுத் தொலைபேசி எண்ணை வாங்கி அயுகவா சவாகோவிடமே பேசினாள். பிறகு படகுகளைத் திரும்ப அழைக்கச் சொல்லித் தோகாஷியை அனுப்பினாள்.

நிஷிசோனோ கூடத்தில் காத்திருந்தார். மனைவி உயிருடன் இருக்கிறாள், தானாகத்தான் போயிருக்கிறாள் என்று அயுகவா சொன்னதும், எங்கே என்று கேட்டார். சொல்ல முடியாது என்றாள்.

“நான் அவ புருஷன்.”

“அதையும் அவங்க சொன்னாங்க. முதுகுல இருக்கிறதைப் பத்தியும் சொன்னாங்க. நிலையத்துக்கு வாங்க, பேசணும்.”

அவர் குனிந்து தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

மாலையில் நனைந்து நடுங்கி வந்த படகோட்டிகளுக்கு மிட்சுயோ சூடான சாறு ஊற்றினாள். தான் சொன்ன பொய்யையும் அதன் காரணத்தையும் மறைக்காமல் சொல்லி, ஒவ்வொருவர் முன்னும் நெற்றி தரையில் படக் குனிந்தாள். தண்ணீரில் விழுந்தவன் அவளை வெகுநேரம் பார்த்தான்.

“அந்தப் பொண்ணு சாப்பிட்டுச்சான்னு கேளுங்க” என்றான்.