முட்டைத் திட்டு

நான்காவது நாளாகத் தங்கை தட்டைத் தொடவில்லை. காலையில் அக்கா மூடி வைத்துவிட்டுப் போன சாப்பாடு, மதியம் அவள் வேலையிலிருந்து திரும்பியபோதும் அப்படியே ஓரம் காய்ந்து, புளித்த வாடையோடு கிடந்தது.

"என்னடி, டயட்டா? ஏற்கெனவே ஒட்டடைக்குச்சி மாதிரிதான் இருக்க."

நேற்றுவரை "பசிக்கலக்கா" என்றாவது சொன்னவள். இன்று அறைக்குள், போர்வைக்கு அடியிலிருந்து, "ம்ஹும்" மட்டும் வந்தது.

அம்மா போன பிறகு அக்கா ஊட்டி வளர்த்த பிள்ளை. அக்காவை விட்டால் அவளுக்கு யாருமில்லை.

புழுக்கள் இலைகளைத் தின்றுவிடாமலிருக்க, காட்டு மரங்களில் அந்துப்பூச்சிகளின் முட்டைத் திட்டுகளைச் சுரண்டி, மண்ணெண்ணெய் டப்பாவில் போடுவது அக்காவின் வேலை. தாய்ப்பூச்சி தன் வயிற்று ரோமத்தையே முட்டைகளின்மேல் போர்த்திவிட்டுச் செத்துப்போகும். அதுவரை எதுவும் தின்னாது. தின்ன வாயே கிடையாது. போன வாரம் ஆள் குறைந்ததென்று தங்கையையும் கூட்டிப்போனாள். அவளோ கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு திட்டைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"மெத்துமெத்துன்னு இருக்குக்கா. பாவம், இது ஒண்ண விட்டுடேன்."

"சீ, கைய எடுடி!" அக்கா ஒரே இழுப்பில் அதைச் சுரண்டிப் போட்டாள்.

இப்போது அக்கா அறைக்குள் போனாள். ஜன்னல் சாத்தியிருந்தது. தலையெண்ணெயும் ஈரத்துணியும் கலந்த நாற்றம் தொண்டைவரை வந்து குமட்டியது. அலமாரிக்குப் பின்னால் நெறுநெறுவென்று சத்தம். எலியாக இருக்கும் என்று அலமாரியை நகர்த்தினாள்.

சுவரில் முறத்தளவு ஒரு திட்டு.

கை தானாகவே இடுப்புக் கத்தியை உருவி ஒரு மூலையை நெம்பியது. பிசுபிசுவென்று நூலிழுத்தது. உள்ளே மஞ்சள் முட்டைகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவு. சில அசைந்தன. மேலே போர்த்தியிருந்த ரோமம் பழுப்பாக இல்லை. கறுப்பு. நீளம். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு அவளே பின்னிவிட்ட முடி. அவளே கட்டிய ரிப்பன்.

ஐயோ. ஓங்கரித்தாள்.

பின்னால் போர்வை சரிந்தது. திரும்பினாள்.

மொட்டைத் தலை. ரத்தப் பொட்டுகள். கெஞ்சும் கண்கள். மூக்குக்குக் கீழே வழவழவென்று தோல். வெறும் தோல்.

அக்காவின் கையிலிருந்து கத்தி நழுவியது. தங்கை அவள் பின்னலைப் பிடித்தாள். மெதுவாக அவிழ்த்தாள். ஒரு கொத்தைச் சுற்றிப் பிய்த்தாள்.

நெம்பிய மூலையில் வைத்து, பதமாகத் தடவி, மூடினாள்.

பிறகு அடுத்த கொத்துக்குக் கை நீட்டினாள்.