உஸ்மாவைக் கூப்பிட்ட குரல்

"வா புள்ள" என்று பரீதா சொல்லவே இல்லை.

ஹெட்ஃபோனில் அது தெளிவாகக் கேட்டது. முதலில் "உஸ்மா..." அது அவள் பேசியது. வசனத்தில் அவ்வளவுதான் இருந்தது, அவ்வளவுதான் பேசினாள். அதன்பின் யாரோ மூச்சிழுப்பதுபோல ஒரு சத்தம். பிறகு மெதுவாக, கொஞ்சலாக, "வா புள்ள." குரல் அவளுடையதுதான். வீட்டில் தலை துவட்டிவிடும்போது மட்டும் மகளை அப்படிக் கூப்பிடுவாள். வெளியாட்கள் முன்னால் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"இது நான் பேசல தம்பி."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் ஜெயந்திரன் சிரித்தான். "பின்ன யாருக்கா? உள்ள நீங்க மட்டும்தானே இருக்கீங்க. நல்லா இருக்குலா, வச்சுக்குவோம்."

அவனுக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். ஒளிபரப்புத் தேதி அப்படிக் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது.

பந்திங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் காணாமல்போகும் பழைய நாவல் ஒன்றை அவன் டெலிமூவியாக எடுத்திருந்தான். அதில் வரும் வில்லனுக்கு முகம் கிடையாது. கூப்பிடுறவன் என்பார்கள். பிள்ளையின் பெயரும் தாயின் குரலும் கிடைத்தால் போதும், மாலை மங்கும் நேரத்தில் வாசலில் வந்து நிற்பான்.

நாவலில் சிறுமியின் பெயர் பூமணி. அவளாக நடித்த ஏழு வயது உஸ்மாவோ, ஷூட்டிங்கில் "பூமணி" என்று தொண்டை கிழியக் கத்தினாலும் திரும்பிப் பார்க்கமாட்டாள். ஜெயந்திரன் அலுத்துப்போய்ப் படத்திலும் உஸ்மா என்றே மாற்றிவிட்டான். பெற்றவளே டப்பிங் பேசுகிறவள் என்பதால் வில்லனின் குரலும் கையோடு கிடைத்தது. தாயும் மகளும் ஒரே படத்தில் என்று பரீதா சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்திருந்தாள்.

ஒலிப்பதிவு அறையின் இருட்டுக்கு உஸ்மா பயந்தாள். அதனால் முன்னறை சோபாவிலேயே ஒரு மைக்கை வைத்து அவளைப் பேசவைத்திருந்தார்கள். மதியம், அங்கிருந்த ஸ்பீக்கரில் உம்மாவின் குரல் முதன்முதலாகக் கேட்டபோது பிள்ளை வீறிட்டு அழுதுவிட்டாள். பரீதா ஓடிப்போய் அணைத்துக்கொண்டாள்.

"ஸ்பீக்கர்ல கேக்கிறது உம்மா இல்லடா. அது படம். எவ்ளோ கூப்பிட்டாலும் நீ அசையாத. கதவைத் தொறந்துட்டு நேர்ல வந்து கையப் பிடிக்கிறேன் பாரு, அதுதான் உம்மா."

"சரி உம்மா."

அந்திநேர மஃரிப் தொழுகைக்கு முன்னால் முடித்துவிட வேண்டுமென்று பரீதா நினைத்திருந்தாள். அந்த நேரத்தில் பிள்ளையை வெளியே கொண்டுபோவது அவளுக்குப் பிடிக்காது. ஆனால் மழை பிரிக்ஃபீல்ட்ஸ் தெருக்களையே மூழ்கடிப்பதுபோல் கொட்டியது.

"ஒரு லைன்தான் பாக்கி அக்கா. கீழ கடையில போய் தே ஓ பொங்குஸ் பண்ணி, பைல கட்டி எடுத்துட்டு வந்துர்றேன்," என்று ஜெயந்திரன் போய்விட்டான்.

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை. சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய அந்த அறையில், முன்னறை மைக் வழியாகத்தான் வெளியுலகம் அவளுக்குக் கேட்டது. கூரையில் மழை, தூரத்தில் மோனோரயில் வளைவில் திரும்பும் கிறீச்சொலி, கீழ்க்கடையில் கரண்டி தட்டும் சத்தம், எல்லாவற்றுக்கும் நடுவே உஸ்மா ஏதோ பாட்டை முனகிக்கொண்டு சப்பாத்துக் காலால் சோபாவை உதைக்கும் டொக், டொக். அந்த டொக் கேட்கும்வரை பரீதாவுக்கு நிம்மதியாக இருந்தது.

பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள்.

டொக் நின்றது.

கதவு திறக்கும் சத்தம். ஈரச் செருப்பு. ஜெயந்திரன் அதற்குள்ளாகவா வந்துவிட்டான்?

"உஸ்மா."

பரீதா தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவள் உதடு அசையவில்லை.

"முடிஞ்சிருச்சா உம்மா?"

"முடிஞ்சிருச்சு. வா புள்ள. வீட்டுக்குப் போவோம்."

"ஏன் உம்மா கை இவ்ளோ ஜில்லுன்னு இருக்கு?"

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள். கனத்த கதவு. தள்ளினாள். இழுத்தாள். மறுபடி தள்ளினாள். திறந்தது.

சோபாவில் யாரும் இல்லை. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது.

படிக்கட்டில் ஜெயந்திரன் ஏறி வந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். கையிலிருந்த, தேநீர் கட்டிய பிளாஸ்டிக் பைகள் நழுவி விழுந்து உடைந்தன.

"அக்கா... இப்பதானே பாப்பாவோட என்னத் தாண்டிக் கீழ போனீங்க?"

அவள் படிக்கட்டு ஜன்னலுக்குப் பாய்ந்தாள்.

கீழே, கடை வெளிச்சத்தைத் தாண்டி, இரண்டு பேர் மழையில் போய்க்கொண்டிருந்தார்கள். உஸ்மா துள்ளித் துள்ளி நடந்தாள். அவள் கையைப் பிடித்திருந்தவளுக்கு பரீதாவின் நடை. பரீதா இப்போது போட்டிருக்கும் அதே பச்சைத் துப்பட்டா. மழையில் அது நனையவே இல்லை.

"உஸ்மா! உம்மா இங்க இருக்கேன்!"

பிள்ளை நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். ஜன்னலில் தாயின் முகத்தைக் கண்டாள்.

அவள் முகம் பயத்தில் கோணியது. அலறிக்கொண்டு, பக்கத்திலிருந்தவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு துப்பட்டாவுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

பரீதா மறுபடி கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்தபடியே நின்றாள். சத்தம் வரவில்லை.

அவளுடைய குரல் கீழே தெருவில் இருந்தது. பிள்ளையைத் தேற்றிக்கொண்டிருந்தது.