உள்ளங்கைச் சூடு

வேதமாணிக்கத்துக்கு வலது காதின் பின்னால், எலும்பு மேடாக இருக்கும் இடத்தில், ஒன்றரை மாதமாக ஒரே வலி. பல்வலி மாதிரி விண்விண்ணென்று தெறிக்காது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் மெல்ல முறுக்கும், கண்ணில் நீர் கட்டும்போது விட்டுவிடும். துறைமுகத்து நிலக்கரி யார்டில் கொடுக்கும் மஞ்சள் காதுமூடியை இருபத்திரண்டு வருஷம் மாட்டியதில் மண்டையின் இரண்டு பக்கமும் முடி தேய்ந்துபோயிருந்தது. அந்த மூடி தரும் வலி அவனுக்குத் தெரியும். இது அதுவல்ல. கல்மண்டபத்துச் சந்தில், வலைக்கயிறு விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஜீஷானின் கடைக்கு ஏறும்போதுகூட, பாதிப்படியில் நின்று முறுக்கு விடும்வரை சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

மத்தியானம் மூன்று மணி. ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் நகராமல் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. கடைக்குள் கண்ணாடிக் கதவை மூடியதும் அந்தச் சத்தம் பஞ்சுக்குள் போனது போலாயிற்று.

"வாண்ணே. இன்னிக்காவது எடுத்துக்கினு போவியா, இல்ல காதுல மாட்டிக்கினு பார்த்துட்டு டீ குடிச்சிட்டு கெளம்பிடுவியா?" ஜீஷான் சிரித்தான். கடையில் வேறு ஆள் இல்லை.

"எடுக்கத்தான் வந்தேன் பாய்."

ஜீஷான் மூன்று ஹெட்போனை மேசையில் வைத்தான். வெள்ளி நிற உலோகத்தில் ஒன்று, பழுப்புத் தோலில் ஒன்று, கறுப்பில் ஒன்று. வேதமாணிக்கம் நேராகக் கறுப்பை எடுத்தான். இடது பக்கத்துப் பஞ்சுமெத்தை கதகதப்பாக இருந்தது. இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததைப்போல.

"யாராவது வந்தாங்களா?"

"காத்தால கடை தொறந்ததுலேர்ந்து நீதான் போணி."

வலது பக்கத்தைத் தொட்டான். அது ஜில்லென்று இருந்தது. கொஞ்சம் ஈரமும். ஏ.சி. காற்று படும் இடம் என்று நினைத்துச் சட்டையில் விரலைத் துடைத்தான். சட்டையில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. யார்டுக்காரன் விரலில் எப்போதும் கரி இருக்கும். அதை அவன் யோசிக்கவில்லை.

இந்தக் கறுப்பை அவன் மூன்று மாதம் பார்த்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராக இங்கேதான் வருவான். கோயில் பாடகர் குழு ஈஸ்டருக்குப் பாடியதைப் போனில் பதிந்து வைத்திருந்தான். அதைப் போட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பான். வெள்ளியில் சத்தம் சுத்தம், ஆனால் கால் மணி நேரத்தில் கழுத்து இறங்கிவிடும். பழுப்பில் பேஸ் தூக்கலாக வந்து பெண்கள் குரலை விழுங்கிவிடும். கறுப்பு மட்டும் கனமே தெரியாது. காதைக் கசக்காது. பிரியமான ஒருத்தர் பின்னால் வந்து இரண்டு உள்ளங்கையாலும் பொத்தியது போலிருக்கும். முப்பத்திரண்டாயிரம். சேர்த்து முடிக்க இன்னும் ஒரு மாதம் இருந்தது.

அப்படி ஒரு ஞாயிறு ஃப்ரெடியைக் கூட்டிக்கொண்டு வந்ததுதான் அவன் செய்த பைத்தியக்காரத்தனம்.

ஃப்ரெடி அதே யார்டு, அதே ஷிப்ட், அதே பாடகர் குழு. ஒரே கட்டடத்தில் கீழ்வீடு. கறுப்பை மாட்டி, ஈஸ்டர் பாட்டை இரண்டே நிமிஷம் கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "மாமு, மூணாவது வரிசைல யாரோ ஜெபமாலை உருட்டிக்கினு கீறாங்க. மணி மணியா கேக்குது."

மூன்று மாதம் கேட்டவனுக்கு அது கேட்கவில்லை. வாங்கிப் போட்டுப் பார்த்தான். அப்போதும் கேட்கவில்லை.

"இதுக்கா மூணு மாசம் யோசிச்ச? இன்னா மாமு நீ!" ஃப்ரெடி முதுகில் தட்டிவிட்டு அங்கேயே பணம் கட்டினான். இருந்தது ஒரே பீஸ். அதைத் தலையில் மாட்டிக்கொண்டே படியிறங்கினான். வீட்டில் மனைவி கிறிஸ்டினா வேறு, "ஃப்ரெடி அண்ணன் வாங்கிட்டாராமே? உங்களுக்கு எதுலயும் ஒரு முடிவு எடுக்கத் தெரியாது" என்றாள். அன்று சோற்றில் கை வைத்தவன் பிசைந்துகொண்டே இருந்தான். நல்ல குரல் ஃப்ரெடிக்கு. நல்ல காது அவனுக்கு. ஒரு பொருளைப் பார்த்ததும் கை நீட்டுகிற தைரியமும் அவனுக்கே.

"அண்ணே, போட்டுப் பாரு. அடுத்த பீஸ் போன வாரந்தான் வந்துது" என்றான் ஜீஷான். "உன் தோஸ்து எடுத்த அதே மாடல். பாவம். காதுன்னா அது காது! ரெண்டு நிமிஷத்துல சொன்னாரு பாத்தியா, ஜெபமாலைன்னு."

செத்தவனைப் பற்றித்தான் பேசுகிறான் என்று தெரிந்தும் வேதமாணிக்கத்தின் வயிறு எரிந்தது.

கறுப்பை மாட்டினான். வெளிச்சத்தம் அடைக்கும் பொத்தானை அழுத்தினான். ஏ.சி. செத்தது. லாரி செத்தது. ஈஸ்டர் பாட்டு எழுந்தது. ஆர்மோனியம் இடப்பக்கம், தபேலா வலப்பக்கம், நடுவில் பெண்கள், அவர்களுக்குக் கீழே தரை போல ஃப்ரெடியின் குரல். அதற்கும் பின்னால், மெதுவாக, மணி மேல் மணி விழும் சத்தம்.

கேட்டுவிட்டது! ஜெபமாலை. அவனுக்கும் கேட்டுவிட்டது. சிரிப்பு வந்தது. ஃப்ரெடியிடம் சொல்லவேண்டும் என்று ஒரு நொடி நினைத்தே விட்டான்.

அந்த மணிகளுக்கும் பின்னால், வெகுதூரத்தில், இரும்பில் இரும்பு பட்டது.

டங். டங்.

கழற்றி மேசையில் போட்டான். "பாய், இதுல ஏதோ அடிக்குது."

ஜீஷான் ஒரு காதை மட்டும் ஒட்டிக் கேட்டான். "ஒண்ணும் இல்லியே."

பழுப்பை மாட்டினான். டங். டங். வெள்ளியை மாட்டினான். அது கழுத்தை இறக்கியது, அதிலும் கேட்டது. மூன்றாவது அடி எதிலும் வரவில்லை. ஒவ்வொன்றிலும் இடது மெத்தை சூடு, வலது மெத்தை ஈரம்.

அந்தச் சத்தம் எதுவென்று யார்டில் எவனைக் கேட்டாலும் சொல்வான். நிலக்கரிக் குவியலுக்கு அடியில் சுரங்கம் மாதிரி ஒரு வழி. அதற்குள் கன்வேயர் பெல்ட் ஓடும். கரி சிந்தி அடைத்துக்கொண்டால் ஒருத்தன் மண்வெட்டியோடு உள்ளே போவான், இன்னொருத்தன் வாசலில் ஸ்விட்சுப் பெட்டியில் நிற்பான். சைரன் கெட்டுப் பல வருஷமாயிற்று. சுவரோரம் ஓடும் தண்ணீர்க் குழாயை ஸ்பானரால் அடிப்பதுதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் ஆள் அனுப்பு. இரண்டு என்றால் இருந்த இடத்திலேயே நில், அசையாதே. மூன்று என்றால் வெளியே ஓடி வா, பெல்ட் ஓடப்போகிறது. புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் அது புத்தியில் இருக்காது, உடம்பில் இருக்கும்.

ஃப்ரெடி செத்த அன்று செகண்ட் ஷிப்ட். யார்டுக்கு வரும்போதே ஃப்ரெடி தலையில் கறுப்பு ஹெட்போன். மஞ்சள் மூடி பெல்ட்டில் தொங்கியது. வேதமாணிக்கம் டீ வாங்கி வரத் திரும்பிய நேரத்தில் உள்ளே போய்விட்டான். அரை மணி கழித்து சூப்பர்வைசர் வாக்கி டாக்கியில் கத்தினார், பெல்ட்டைப் போடச் சொல்லி. வேதமாணிக்கம் ஸ்பானரை எடுத்தான். ஒன்று அடித்தான். இரண்டு அடித்தான். உள்ளே அவன் காதைப் பொத்திக்கொண்டு ஜெபமாலை கேட்டுக்கொண்டிருப்பான் என்று நினைத்தான். அவனுக்கு எதற்குத் தட்டு? கேட்டால்தானே? மூன்றாவதை அடிக்கக் கை ஓங்கவில்லை. சத்தம் கேட்காமல், பெல்ட் கிளம்பியதும் அலறியடித்து ஓடி வரட்டும், முகத்தில் கரியோடு, எல்லாரும் சிரிக்கட்டும். அவ்வளவுதான் நினைத்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

திரும்பியபோது தன் ஸ்டூலைப் பார்த்தான். சோற்றுப் பையின் மேல் கறுப்பு ஹெட்போன் இருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வேதமாணிக்கம் கேட்கட்டும் என்று ஃப்ரெடி கழற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

வெறும் காதோடு போனவனுக்கு இரண்டு தட்டும் தெளிவாகக் கேட்டிருக்கும். நின்றிருப்பான். அசையாமல்.

வலது கை தனியாகக் கிடைத்தது. ஆட்கள் ஓடி வருவதற்குள் வேதமாணிக்கம் அந்த ஹெட்போனைச் சுரங்கத்துக்குள் வீசியிருந்தான்.

"மூணுலயும் ஒண்ணும் அடிக்கலண்ணே. காதுல பிரச்சனைன்னா டாக்டர பாரு" என்றான் ஜீஷான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பிரிக்காத பெட்டி இருக்கா? யார் தலைலயும் போடாதது?"

"கீது."

"கறுப்பு. குடு."

வேறு எதையும் அவனால் எடுக்க முடியாது. சத்தம் கேட்கட்டும், கேட்காமல் போகட்டும். ஃப்ரெடியிடம் இருந்தது தன்னிடமும் இருக்கவேண்டும்.

வீட்டுப் படிக்கட்டில் ஷைனி உட்கார்ந்திருந்தாள். ஃப்ரெடியின் மனைவி. மடியில் யார்டு ஆபீஸ் கடிதம். அவன் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"வேதம் அண்ணா. ஹெட்போன் மாட்டிக்கினு உள்ள போனது அவரு தப்பாம். அப்டியே எழுதிட்டாங்க."

"ம்."

"அவரு உள்ள போனா எதையும் காதுல வெக்க மாட்டாரே அண்ணா. தட்டு கேக்கணும்பாரு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க மூணு தட்டு தட்டுனீங்கல்ல?"

வலி முறுக்க ஆரம்பித்தது. இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும்.

"தட்டுனேம்மா. மூணும் தட்டுனேன்."

அவள் தலையாட்டினாள். வழிவிட்டு ஒதுங்கி உட்கார்ந்தாள்.

மாடியில் யாரும் இல்லை. கிறிஸ்டினா வேலையிலிருந்து வர ஆறு மணியாகும். ஜன்னலில் வெயில். கீழே மீன்காரி ஒருத்தி விலை சொல்லிக்கொண்டு போனாள். வேதமாணிக்கம் இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து பெட்டியின் ஒட்டுத்தாளைக் கிழித்தான். புதுப் பொருளின் பிளாஸ்டிக் வாசனை வருமென்று மூக்கை அருகே கொண்டுபோனான். நனைந்த கரி வாசனை வந்தது. அதோடு கிரீஸும், வியர்வையும், ஃப்ரெடி தலைக்குத் தடவும் எண்ணெயும்.

இடது மெத்தை சூடு. யாரும் தொடாத மெத்தை.

கீழே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. இது என்னுடையது என்று சொல்லிக்கொண்டான். மாட்டினான்.

மீன்காரி நின்றாள். தெரு நின்றது. காதின் பின்னால் ஒன்றரை மாதமாக முறுக்கிய வலி, நூல் அறுந்ததுபோல் விட்டுப்போனது. அப்பா! எவ்வளவு சுகம். கனமே இல்லை. இரண்டு பக்கமும் மெத்தென்று பொத்தியது. கண்ணில் தண்ணீர் வந்தது.

பாட்டு எதையும் அவன் போடவில்லை.

ஆனாலும் ஒரு மூச்சு கேட்டது. அவனுடையது இல்லை. அவன் மூச்சை அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை. குனிந்து வேலை செய்கிறவனின் மூச்சு. மண்வெட்டி தரையில் உரசியது. தண்ணீர் சொட்டியது. எங்கோ தலைக்கு மேலே கரி சரிந்து பொலபொலவென்று விழுந்தது. கொடுத்த காசுக்குக் குறைவில்லை. எல்லாம் அத்தனை துல்லியமாக, தனித்தனியாக, எது இடப்பக்கம் எது வலப்பக்கம் என்று.

டங்.

மண்வெட்டி நின்றது.

டங்.

மூச்சு நின்றது.

வேதமாணிக்கத்தின் கை ஹெட்போனைக் கழற்றப் பாதி எழுந்து அப்படியே நின்றது. கால் தரையில் ஒட்டியது. கழுத்து திரும்பவில்லை. இருபத்திரண்டு வருஷத்து உடம்பு. இரண்டு என்றால் நில். அசையாதே.

கட்டில் சட்டம் இரும்பு. சாவிக்கொத்து மடியில். மூன்றாவதாக ஒரே ஒரு தட்டு. கை எட்டும் தூரம். ஷைனி கீழேதான் இருக்கிறாள், கத்தினாலும் கேட்கும்.

கை வரவில்லை. குரல் வரவில்லை.

எதிரே அணைத்து வைத்த டிவி. கறுப்புத் திரையில் கட்டில், ஜன்னல், அவன். தலையில் ஹெட்போன் இல்லை. அது மடியில், பெட்டிக்குள், மாட்டாமலே கிடந்தது.

காதைப் பொத்தியிருந்தது வேறு.

பின்னால் நின்றவனின் முகம் திரைக்கு மேலே போய்விட்டது. நெஞ்சு தெரிந்தது. இடப்பக்கம் ஒரு உள்ளங்கை. விரித்த விரல்கள், கரி அப்பி, வெள்ளி மோதிரத்தோடு. வலப்பக்கம் மணிக்கட்டோடு முடிந்தது. முடிந்த இடத்தை, காது வலிக்காமல், பக்குவமாக அழுத்தி வைத்திருந்தது.

தூரத்தில் மோட்டார் உறுமிக் கிளம்பியது. பெல்ட் இழுபட்டது. உருளைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடத் தொடங்கி, சத்தம் அவனை நோக்கி வந்தது.

அவன் அசையாமல் காத்திருந்தான். மூன்றாவது தட்டு வராது என்று அவனுக்குத் தெரியும்.

ஃப்ரெடிக்கு அவன் தரவேண்டியது ஒரு தட்டு. அது இன்னும் பாக்கி.