இன்னொரு பார்ட்டி

பூட்டிக் கிடந்த வீடு அது. கதவைத் தள்ளியதும் அடைபட்ட காற்றின் புழுக்கம் முகத்தில் மோதியது. தரை, அலமாரித் தட்டு, மின்விசிறி இறக்கை என்று எல்லாவற்றின் மேலும் செம்மண் தூசி மாவு சலித்ததுபோல் படிந்திருந்தது. படுக்கையறை ஜன்னல் விளிம்பில் மட்டும் ஒரு கை அகலத்துக்குப் பளிச்சென்று இருந்தது. யாரோ அங்கே கையூன்றி வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு நின்றதுபோல.

"இங்க யாராவது வந்தாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"காலையிலதான் இன்னொரு பார்ட்டி பார்த்துட்டுப் போச்சும்மா," என்றார் புரோக்கர், சாவிக்கொத்தை விரலில் சுழற்றியபடி. "நம்ம பாஷைக்காரங்கதான். நீங்க சட்டுன்னு ஒரு முடிவு சொல்லிட்டா நல்லது. அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

"அவங்களுக்குப் பிடிச்சுதா?"

"அந்தம்மாவுக்குச் சமையலறை பிடிக்கலை. வெளிச்சம் பத்தாதுன்னுட்டாங்க."

அவ்வளவுதான். அதுவரை அவள் கண்ணுக்கு லட்சணமாக இருந்த சமையலறை அந்த நொடியே இருண்டு போனது. "எனக்கும் பிடிக்கலை," என்று கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாடகைக் காரில் திரும்பி வரும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தூசித் தரையில் அவளுடைய செருப்புத் தடம், கூட வந்த மகள் பாப்பாவின் குட்டித் தடம், புரோக்கரின் பூட்ஸ் தடம். வேறு தடமே இல்லை.

வெயில் மயக்கம் என்று அதைத் தள்ளிவைத்தாள். தள்ளிவைக்க அவளிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. கடல் கடந்து வந்து, கணவனுடைய கம்பெனியின் விருந்தினர் விடுதியில் ஒற்றை அறையில் குடித்தனம். மின்அடுப்பில் குக்கர் வைத்தால் விளக்கு மங்கும். விளக்கு எரிந்தால் தண்ணீர் வராது. சந்தையில் பாஷை தெரியாமல் விரலைக் காட்டிக் காய் வாங்க வேண்டும். வெளிநாட்டுக்காரி என்று தெரிந்ததும் தக்காளிக்குக்கூட விலை ஏறும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மாதக் கடைசிக்குள் வீடு அமையாவிட்டால் அறையைக் காலி செய்துவிட்டு அவளும் பாப்பாவும் ஊருக்கு விமானம் ஏற வேண்டும். கணவன் பேச்சிலர் குவார்ட்டர்ஸுக்குப் போய்விடுவான். ஏற்கெனவே ஒரு வருஷம் போனிலேயே குடும்பம் நடத்தியாகிவிட்டது. இன்னொரு வருஷம் அப்படிப் போனால் குடும்பம் மிஞ்சும் என்ற நம்பிக்கை அவளுக்கு இல்லை.

அதற்காகக் கிடைத்த வீட்டைப் பிடித்துக்கொள்ளும் ஆளா என்றால், அதுவும் இல்லை. தன் தட்டில் விழுந்ததைவிடப் பக்கத்துத் தட்டில் விழுந்ததுதான் அவளுக்குப் பெரிதாகத் தெரியும். தன் கல்யாணத்தன்றே பக்கத்து மண்டபத்து மணப்பெண்ணின் புடவையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டவள். கைப்பையில் துணி இஞ்ச் டேப்போடு வீடுவீடாக அலைந்து சுவரை அளப்பதால் கணவன் அவளுக்கு 'மேஸ்திரி' என்று பட்டம் சூட்டியிருந்தான்.

அடுத்த வீட்டின் வாசற்படியிலேயே, உள்ளே காலெடுத்து வைப்பதற்கு முன், அவள் கேட்ட முதல் கேள்வி: "அந்தப் பார்ட்டி பார்த்தாச்சா?"

புரோக்கருக்கு வியாபார மூக்கு. வாசனை பிடித்துவிட்டார். "பார்த்தாச்சும்மா. அந்தம்மாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு."

உள்ளே வைக்கப்போன காலை அவள் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஆள் எப்படி?"

"நல்ல உயரம். சிரிச்ச முகம். எவ்வளவு வெயில்ல வந்தாலும் இப்பத்தான் இஸ்திரி போட்ட புடவை மாதிரி இருப்பாங்க. கன்னத்துல ஒரு மச்சம்."

மச்சக்காரி, என்று மனதுக்குள் பெயர் வைத்தாள். வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கிடந்த தன் சுடிதாரை இழுத்துவிட்டுக்கொண்டாள். "குழந்தைங்க?"

புரோக்கர் ஒரு கணம் யோசித்தார். "இல்லைம்மா. அது ஒண்ணுதான் அவங்களுக்குக் குறை. புருஷனும் கூட இல்லை, எங்கேயோ தூரத்துல. தனியாத்தான் அலையறாங்க."

"அடப் பாவமே," என்றாள் அவள். சொல்லும்போதே நாக்கில் தித்தித்தது. பாப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாடாளப் போகிறவள்போல் உள்ளே நுழைந்தாள்.

நல்ல வீடுதான். அறை அறையாகப் பார்த்து வந்தவள் கடைசி அறையில் நின்றுவிட்டாள். புதிதாக வெள்ளையடித்த சுவரில், அவள் இடுப்புயரத்துக்கு, பென்சிலால் ஒரு சின்னக் கோடு. பாப்பா அவள் கையை உதறிவிட்டு ஓடிப்போய்ச் சுவரோடு முதுகை ஒட்டி நின்றாள். குதிகாலைச் சுவரில் பதித்து, முகவாயை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு. கோடு அவள் உச்சந்தலையில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"யாருடி உனக்கு இப்படி நிக்கச் சொல்லிக் கொடுத்தா?"

பாப்பா அளந்து முடிக்கக் காத்திருப்பவள்போல் அசையாமல் நின்றாள்.

அந்த அறையில், துவைத்து வெயிலில் காயவைத்து அப்போதுதான் இஸ்திரி போட்ட பருத்தித் துணியின் வெதுவெதுப்பான வாசனை லேசாக மிதந்தது. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். வீடு வேண்டாம் என்று சொல்லியனுப்பிவிட்டாள். ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது அவளை உறுத்தியது அந்தக் கோடு அல்ல. நாம் விட்டதை அவள் எடுத்துக்கொள்வாளோ என்பதுதான்.

விஷயத்தைச் சொன்னபோது கணவன் சிரித்தான். "மேஸ்திரி, நீ வீடு தேடறியா, இல்ல அந்தப் பொம்பளையைத் தேடறியா?"

"உங்களுக்கென்ன, ஆபீஸ் ஏசியில உட்கார்ந்துட்டு நக்கலடிக்கலாம்."

"அட, சொல்ல மறந்துட்டேனே. இன்னைக்கு ஆபீஸ் வாசல்ல நம்ம பாஷைக்காரம்மா ஒருத்தங்க நின்னுட்டிருந்தாங்க. வீடு தேடறாங்களாம். நல்ல மாதிரியா பேசினாங்க."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "கன்னத்துல மச்சமா?"

"அதையெல்லாம் நான் ஏன் பார்க்கறேன்?"

அதைச் சொல்லும்போது அவன் இவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய அவன் சட்டையை அவள் பார்த்தாள். கை மடிப்பு கத்திபோல் நின்றது. விடுதியில் இஸ்திரிப் பெட்டி கிடையாது. அவன் குளிக்கப் போன சமயத்தில் சட்டையை எடுத்து முகர்ந்தாள். முகர்ந்துவிட்டு, அதே ஆணியில், அதே மடிப்போடு மாட்டிவைத்தாள்.

மறுநாள் காலை புரோக்கருக்குப் போன் போட்டாள். "அந்தம்மா நம்பர் எனக்கு வேணும். இப்பவே."

மறுமுனையில் இருமல். "அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"அப்படி ஒரு பார்ட்டியே கிடையாதும்மா. எங்க தொழில்ல எல்லாரும் சொல்றதுதான். இன்னொருத்தர் கேட்கறாங்கன்னாதானே வீட்டுக்கு ஒரு மவுசு? நீங்க கேட்கக் கேட்க, நானும் சொல்லிட்டே போயிட்டேன்."

"மச்சம்?"

"என் மச்சினிக்கு இருக்கு. வாய்ல வந்ததைச் சொல்லிட்டேன். அவ காதுல விழுந்தா என்னைக் கொன்னுடுவா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்தச் சுவத்துல கோடு?"

"எந்தக் கோடும்மா?" என்றார் புரோக்கர். பிறகு, குரலை இறக்கி, "அந்த வீட்டை நான் உங்களுக்கு மட்டும்தான் திறந்தேன்," என்றார்.

பரிகாரம் செய்வதுபோல் அவரே தொடர்ந்தார். அவர் கையிலேயே மிக நல்ல வீடு ஒன்று, சொந்தக்காரர் வெளியூர், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தது. அன்று சாயங்காலமே பார்க்கலாம், பிடித்தால் கையோடு சாவி.

பாப்பாவை ஆபீஸ் காரில் கணவன் அழைத்து வருவதாக ஏற்பாடு. அவள் முன்னால் போய்விட்டாள்.

அப்படியொரு வீட்டை அவள் கனவில்கூடக் கண்டதில்லை. மாடியும் கீழுமாக இரண்டு தளம். காலுக்குக் குளிர்ந்த சிவப்புத் தரை. குழாயைத் திருகியதும் சீறிக்கொண்டு தண்ணீர். மாடி அறையின் பெரிய ஜன்னலைத் திறந்தபோது, தெருக்கோடி வரை வரிசையாக நின்ற மரங்களின் உச்சியெல்லாம் கடைசி வெயிலில் தாமிரமாய்த் தகதகத்தன. காற்று அவள் கழுத்து வியர்வையை ஒற்றி எடுத்தது. இந்த மூலையில் பாப்பாவின் கட்டில். அந்தச் சுவரோரம் அவனுடைய மேசை. யாருக்குப் பிடித்தது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று கேட்கத் தோன்றவே இல்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருளை அந்தப் பொருளுக்காகவே ஆசைப்பட்டாள்.

"எனக்கு இதுதான் வேணும்!" என்று மாடியிலிருந்து கத்தினாள்.

"சார் வந்ததும் முடிச்சுடலாம்மா!" கீழே வாசல் கேட் பக்கத்திலிருந்து புரோக்கரின் குரல்.

பொழுது சாய்ந்தது. மின்சாரம் போனது. அந்த ஊரில் தினமும் போவதுதான். அக்கம்பக்கத்து ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. அந்த உறுமலுக்கு நடுவே, அடுத்த அறையில், மெல்லிய உலோக ஓசை ஒன்று கேட்டது. சர்ரென்று நீண்டு, ஒரு கணம் நின்று, பட்டென்று சுருண்டுகொள்ளும் ஓசை.

இரும்பு டேப். தச்சர்கள் வைத்திருப்பது.

"புரோக்கர்?"

சர்ர்ர். பட்.

"யாரு அது?"

சர்ர்ர்.

வாசனை வந்தது. சூடான பருத்தி. சுவரைத் தடவிக்கொண்டு வாசல்வரை போனாள். அடுத்த அறை காலி. சாத்திய ஜன்னல் கண்ணாடியில் மிச்சமிருந்த சாயங்கால வெளிச்சம். சுவரில் கோடுகள். ஒன்றல்ல. அவள் இடுப்புயரத்தில் ஒன்று. அதற்கு மேலே ஒன்று. அதற்கும் மேலே ஒன்று. ஒரு குழந்தை வருஷா வருஷம் வளர்ந்துகொண்டே போனதுபோல். இதுவரை வராத வருஷங்களுக்கும் சேர்த்து.

ஓட வேண்டும். கால் வரவில்லை.

கீழே கார் வந்து நின்றது. கதவுகள் சாத்தும் சத்தம். பாப்பாவின் செருப்புச் சத்தம் தடதடவென்று ஓடிவந்தது.

"அம்மா!"

"வந்துட்டேன்டி," என்று இவள் சொல்ல நினைத்தாள். வாய் திறக்குமுன் கீழே யாரோ அதைச் சொன்னார்கள்.

"வந்துட்டேன்டி தங்கம்."

மென்மையான குரல். சிரிப்பு கலந்தது.

"என்ன மேஸ்திரி, வீடு பிடிச்சிருக்கா?" கணவன்.

"ரொம்ப. நீங்களே பாருங்களேன்."

"நீ சொன்னா சரிதான். இதையே முடிச்சுடுவோம்."

நீ சொன்னா சரிதான். இவளிடம் அவன் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மார்பு பற்றி எரிந்தது. அந்த எரிச்சல்தான் அவள் காலை நகர்த்தியது. கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஓடி மாடிப்படியின் உச்சிக்கு வந்தாள். அந்த நொடியில் மின்சாரம் வந்தது. வீடு முழுக்க விளக்கு.

கூடத்தின் நடுவில் உயரமாக ஒரு பெண். மடிப்புக் கலையாத பருத்திப் புடவை. கன்னத்தில் மச்சம். இடுப்பில் பாப்பா. பாப்பாவின் கை அவள் கழுத்தைச் சுற்றியிருந்தது. கணவன் அவள் தோளோடு தோள் ஒட்டி நின்றான். கையில் சாவியோடு வாசலில் புரோக்கர். அவர் கீழே நின்றவளைப் பார்த்தார். மேலே நின்றவளைப் பார்த்தார். மறுபடி அந்த மச்சத்தைப் பார்த்தார். சாவியை நீட்டாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"என்னங்க!" என்றாள் இவள்.

கணவன் நிமிர்ந்தான். விளக்கு வெளிச்சத்தில் அவன் முகம் தெளிவாகத் தெரிந்தது. கோபம் இல்லை. பயம் இல்லை. முன்பின் தெரியாத பெண்களிடம் அவன் காட்டும் மரியாதை மட்டும் இருந்தது.

"மன்னிக்கணுங்க. வீடு பார்க்க வந்தீங்களா? இதை நாங்க முடிச்சுட்டோமே."

"என்னங்க இது... நான்தாங்க! பாப்பா, அம்மா இங்கடி!"

அவன் பக்கத்தில் நின்றவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டான்: "உனக்குத் தெரிஞ்சவங்களா?"

அந்தப் பெண் மேலே பார்த்தாள். நிதானமாக, தலை முதல் கால் வரை, அளப்பதுபோல் பார்த்தாள். இல்லை என்று தலையசைத்தாள். பிறகு கரிசனமாகச் சொன்னாள்: "பார்த்து இறங்கி வாங்க. படி செங்குத்தா இருக்கு."

இவள் ஒரு படி இறங்கினாள்.

பாப்பா வீறிட்டாள். அழுதுகொண்டே முகத்தை அந்தக் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டாள். நீளமான விரல்கள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தன. விசும்பல் அடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பருத்தி மடிப்பின் ஓரத்திலிருந்து ஒற்றைக் கண் மட்டும் மெல்ல எட்டி, மாடிப்படியில் நின்ற பெண் இன்னும் போகவில்லையா என்று பார்த்தது.