மூன்று வருடம் பத்தொன்பது நாள்

ட்ரிங்... ட்ரிங்...

வக்கீல் மைதிலி போனை எடுத்தாள்.

"வணக்கமுங்க வக்கீலம்மா. டையிங் ஓனர் தரணீதரன் பேசறனுங்க. வேல்விழிப் புள்ள அங்க வந்திருக்குதுங்களாமா?"

"எதிர்லதான் உக்காந்திருக்காங்க."

"பாவமுங்க! மூணு வருசம் முடிஞ்சு பத்தொம்பது நாளாச்சு. இனிக் கேசு நிக்காதுன்னு சொல்லி அனுப்பிச்சுருங்க."

லைன் கட்டானது.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வேல்விழியின் முகம் வெளிறியது.

2022 மார்ச் பத்தாம் தேதி. தரணீதரனின் சாயப்பட்டறை. ஈரத்துணியைச் சுழற்றிப் பிழியும் ஹைட்ரோ மெஷின், அவளுடைய அண்ணன் அருண்பாண்டியை இழுத்துக் கொன்றது. சுழலும்போது மூடி திறக்காமல் தடுக்கும் லாக்கை, வேலை வேகமாக நடக்கட்டும் என்று கழற்றி வைத்திருந்தார்கள்!

"ஸ்டேஷன்ல நாளைக்கு வா, நாளைக்கு வான்னே ஓட்டிட்டாவ மேடம். கொலைக்கு ஏது எக்ஸ்பயரி டேட்டு?"

"கொலைக்குக் கிடையாது. இது அஜாக்கிரதையால மரணம். அப்போ இருந்த சட்டத்துல ரெண்டு வருஷம்தான் தண்டனை. அந்த மாதிரிக் குற்றத்துக்கு மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுக்குப் போயிடணும். தாமதத்தை மன்னிக்கச் சொல்லலாம்... ஆதாரம் வேணும். ஸ்டேஷன்ல ரசீதாவது குடுத்தாங்களா?"

"ஒண்ணும் தரல."

மைதிலி சட்டென்று நிமிர்ந்தாள். சட்டத்தில் நாட்கள் எப்படி ஓடுகின்றன, எங்கே நிற்கின்றன என்று பிரித்துப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு பித்து.

"அந்தாளு ஃபாரின் போவாரா?"

"வருசா வருசம் போவாருல்லா! கோட்டு சூட்டுல ஃபோட்டோ போடுவாருல்லா!"

"குற்றவாளி வெளிநாட்டுல இருந்த நாள் இந்த மூணு வருஷத்துல சேராது! அவர் ஃப்ளைட் ஏறினா, கரண்ட் போன மாதிரி நாள் நின்னுடும். இறங்கினாத்தான் மறுபடி ஓடும்."

உடனே தரணீதரனுக்குப் போன் போட்டாள். "உங்க பாஸ்போர்ட்டைக் கோர்ட்ல கேக்கப்போறேன்."

"கோர்ட் எதுக்குங்க? நானே கொண்டாரனுங்க."

அரை மணி நேரத்தில் வந்தார். சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டை மேஜைமேல் வைத்தார்.

மைதிலி கடைசி முத்திரையிலிருந்து எண்ணினாள். 2024-ல் ஒன்பது நாள். 2023-ல் பன்னிரண்டு.

இருபத்தொன்று!

"வேல்விழி, ரெண்டு நாள் கையில இருக்கு!"

வேல்விழி கும்பிட்டுவிட்டு ஓவென்று அழுதாள்.

"இன்னொரு டிரிப் இருக்குதுங்க," என்றார் தரணீதரன் பணிவாக. "அதையும் எண்ணிக்குங்க."

மைதிலி பக்கத்தைத் திருப்பினாள். விரல் அப்படியே நின்றது.

2022 மார்ச் எட்டில் புறப்பாடு... பதினைந்தில் வருகை!

"அன்னிக்கு நான் ஜெர்மனியிலீங்க. லாக்கைக் கழட்டச் சொன்னது மேனேஜர் அழகுமலை. ரிஜிஸ்டர்ல அவன் கையெழுத்தே இருக்குதுங்க."

"போன்ல கழட்டச் சொன்னதே நீருதானே!" கத்தினாள் வேல்விழி.

"எழுத்துல இருந்தாக் காட்டு கண்ணு."

மைதிலி பாஸ்போர்ட்டை மூடினாள். "அழகுமலை மேல கேஸ் போடுவேன்..."

"போடுங்க! அவனுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாதுங்க. ஊத்துக்குளி தாண்டாத ஆளு. அவனுக்கு மூணு வருசமும் முழுசா ஓடிப்போச்சுங்களே!"

வழக்குப் போட நாள் மிச்சமிருப்பவர் அன்று ஊரில் இல்லை. ஊரில் இருந்தவன் மேல் வழக்குப் போட நாள் மிச்சமில்லை!

"அப்போ எங்கண்ணனை யாருமே கொல்லலையா மேடம்?"



தரணீதரன் பாஸ்போர்ட்டைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு எழுந்தார்.

"அடுத்த வாரம் ஸ்விட்சர்லாந்து போறனுங்க. வக்கீலம்மாவுக்கு நல்லதா ஒரு வாட்ச் வாங்கிட்டு வரட்டுங்களா?"